எழுபது கெஜம் வரட்டும்! – மஸ்கட் காலப் போர் கேம்கள்: வாசகர் கேள்வி–பதில்

மஸ்கட் என்ற பழைய நீளத் துப்பாக்கியோடு வரிசை கட்டி நின்று சுடும் காலத்துப் பெரும்போர்களைக் கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களின் கேள்விகள் இந்த முறை. 1700 வாக்கில் தொடங்கி அமெரிக்க உள்நாட்டுப் போர் வரையிலான காலம். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கே: 'நெப்போலியன்: டோட்டல் வார்' கேமில் வாட்டர்லூவை ஆடினேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஊர்த் திருவிழாக் கூட்டம்கூட இல்லை. உண்மையில் எத்தனை பேர் மோதினார்கள்? கேமில் ஆள் எண்ணிக்கையைக் கூட்ட வழி உண்டா? – திருச்சி வாசகர்

1815 ஜூன் 18 அன்று நெப்போலியனிடம் சுமார் 73,000 பேர், எதிர்த்து நின்ற ஆங்கிலேயத் தளபதி வெலிங்டனிடம் சுமார் 68,000 பேர் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் வெலிங்டனுக்குத் துணையாகத் தளபதி ப்ளூஷரின் பிரஷ்யர்கள் சுமார் 50,000 பேர் வந்து சேர்ந்தார்கள். கேமில் ஒரு படைக்கு 20 பிரிவுகள்தான். யூனிட் அளவை 'அல்ட்ரா'வில் வைத்தால் ஒரு காலாட்படைப் பிரிவில் ஏறக்குறைய 160 பேர் நிற்பார்கள். இருபதும் காலாட்படையாகவே இருந்தாலும் 3,200 பேர். அதாவது கேமில் நிற்கும் ஒருவர் உண்மையில் இருபதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பதிலாள். ஒரு பிரிவைச் சில நூறு பேர் கொண்ட பட்டாலியன் என்று நினைக்காமல், சில ஆயிரம் பேர் கொண்ட டிவிஷன் என்று நினைத்துக்கொண்டால் வரைபடம் சட்டென்று புரியும்.

கூட்ட வழி இருக்கிறது, ஆனால் பல போர்களைத் தொடராக ஆடும் கேம்பெய்னுக்கு மட்டும். கேமை முழுதாக மூடுங்கள். விண்டோஸ் யூசர் ஃபோல்டரில் 'ஆப்டேட்டா', அதற்குள் 'ரோமிங்', 'தி கிரியேட்டிவ் அசெம்பிளி', 'நெப்போலியன்', 'ஸ்க்ரிப்ட்ஸ்' என்று போனால் 'ப்ரிஃபரன்ஸஸ்' என்று தொடங்கும் டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். 'ஆப்டேட்டா' கண்ணில் படாவிட்டால் மறைந்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்ல வேண்டும். முதலில் அந்த ஃபைலை ஒரு நகல் எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். நோட்பேடில் திறந்து 'கேம்பெய்ன் யூனிட் மல்டிப்ளையர்' என்ற வரியைத் தேடுங்கள். எதிரில் 1 என்று இருக்கும். அதை 1.5 ஆக்கி, பக்கத்திலுள்ள அரைப்புள்ளியைத் தொடாமல் சேவ் செய்யுங்கள். அடுத்து ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் 'ரீட் ஒன்லி' குறியைப் போடுங்கள். போடாவிட்டால் கேம் மூடும்போது பழையபடி எழுதிவிடும். பாதியில் இருக்கும் கேம்பெய்னில் பலன் தெரியாது, புதிதாகத் தொடங்க வேண்டும்.

2.5 வரை ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் யோசனை, வேண்டாம். 160 பேர் 400 ஆவார்கள். மூன்று வரிசையில் நிறுத்தினால் ஒரு வரிசைக்கு 133 பேர். இவ்வளவு நீளமான கோட்டைத் திருப்புவதற்குள் எதிரிக் குதிரை பக்கவாட்டில் வந்து நின்றுவிடும். ஊர், வேலி, பாலம் வந்தால் கோடு சிக்கிய நூலாகிவிடும். இன்னொரு தொல்லை, இது 32 பிட் கேம். உங்கள் கம்ப்யூட்டரில் 32 ஜிபி ராம் இருந்தாலும் கேம் 4 ஜிபிக்கு மேல் தொடாது. பெரிய போரின் நடுவில் ஒரு வார்த்தை சொல்லாமல் டெஸ்க்டாப்புக்குத் தள்ளிவிடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அப்போது கிராஃபிக்ஸ் கார்டைத் திட்டாமல் டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி இறக்குங்கள். நிழலையும் குறையுங்கள்.

கே: 'எம்பயர்: டோட்டல் வார்' ஆடுகிறேன். நாலு வரிசை நிறுத்தினாலும் முன் வரிசை மட்டுமே சுடுகிறது. பின்னால் இருப்பவர்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். சில நேரம் யாருமே சுடுவதில்லை. இது கேமில் உள்ள பிழையா, அதாவது 'பக்'கா? – கோவை

பக் இல்லை. 1700இல் தொடங்கும் அந்த கேமில் 'ஃபயர் பை ரேங்க்', அதாவது வரிசை வரிசையாகச் சுடும் பயிற்சியை ஆராய்ச்சியில் எடுக்கும்வரை முன் வரிசைதான் சுடும். ஆகவே அதுவரை படையை இரண்டு வரிசையாக மெலிதாக இழுத்து நிறுத்துங்கள். சுடும் துப்பாக்கி கூடும். ஆராய்ச்சி முடிந்தபின் மூன்றுக்குத் திரும்பலாம்.

யாருமே சுடாததற்கு நாலைந்து காரணங்கள் உண்டு. ஒன்று, தானாகச் சுடவைக்கும் 'ஃபயர் அட் வில்' பொத்தான் அணைந்திருக்கும். குதிரையை விரட்ட நீங்களே அணைத்துவிட்டு மறந்திருப்பீர்கள். இரண்டு, மேட்டின் முதுகுக்கு ஓரடி பின்னால் நிறுத்தியிருப்பீர்கள். உங்கள் கேமராவுக்கு எதிரி தெரிகிறான், சிப்பாய் கண்ணுக்குத் தெரியவில்லை. கேமராவைச் சிப்பாயின் தோள் உயரத்துக்கு இறக்கிப் பாருங்கள், புரிந்துவிடும். மூன்று, நம் ஆட்களே குறுக்கே நிற்கிறார்கள். அந்நிலையில் சுடாமல் இருந்தால் நல்லது, சுட்டால் இன்னும் மோசம். நான்கு, கோடு எதிரிக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருக்கிறது. ஓரத்தில் உள்ள பத்துப் பேருக்குத்தான் தூரம் எட்டுகிறது.

ஐந்தாவது காரணம் சுவாரஸ்யமானது. துப்பாக்கி முனையில் மாட்டும் கத்திதான் பயனெட். ஆரம்ப காலப் பயனெட் 'ப்ளக்' வகை. அதன் மரப்பிடியைத் துப்பாக்கிக் குழலின் வாய்க்குள்ளேயே செருகிவிடுவார்கள். புட்டிக்கு அடைத்த தக்கை மாதிரி. செருகியபின் சுட முடியாது. 1689 ஜூலையில் ஸ்காட்லாந்தின் கில்லிகிராங்கியில் அரசுப் படை இதில்தான் மாட்டியது. சுட்டு முடித்துப் பயனெட்டைச் செருகுவதற்குள் மலைநாட்டார் வாளோடு மேலே விழுந்துவிட்டார்கள். கேமிலும் அப்படியே. செருகச் சொன்னால் அந்தப் பிரிவு சுடுவதை மறந்துவிட வேண்டியதுதான். குழலின் வெளிப்பக்கத்தில் மாட்டும் 'ரிங்', 'சாக்கெட்' வகைகளை ஆராய்ச்சியில் சீக்கிரம் எடுங்கள்.

கே: மஸ்கட் அவ்வளவு மோசமான துப்பாக்கியா? கேமில் 120 பேர் ஒன்றாகச் சுட்டு ஏழு பேர் விழுகிறார்கள். நம்பும்படி இல்லையே! – நாகர்கோவில்

நம்பலாம். ஏழு பேர் விழுந்தது தாராளம்.

ஆங்கிலேயரின் 'பிரவுன் பெஸ்' துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 0.75 அங்குலம், அதாவது சுமார் 19 மில்லிமீட்டர். அதில் போட்ட ஈயக்குண்டு ஏறக்குறைய 17.5 மில்லிமீட்டர். வேண்டுமென்றேதான் இடைவெளி விட்டார்கள். கரிமருந்து ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் குழலுக்குள் கசடு படியும். குண்டு இறுக்கமாக இருந்தால் பத்துப் பதினைந்து குண்டுக்குப் பிறகு உள்ளே இறங்காது. ஆக, தளர்வான குண்டு குழலுக்குள் இடித்து இடித்து வெளியே வரும். கடைசி இடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் போகும்.

கெட்டிக்கும் வேலையையும் பாருங்கள். காகிதப் பொட்டலத்தை இடுப்புப் பெட்டியிலிருந்து எடுத்து முனையைப் பல்லால் கடித்துக் கிழிப்பார்கள். கொஞ்சம் மருந்தைப் பக்கத்துக் கிண்ணியில் இட்டு எஃகு மூடியைச் சாத்துவார்கள். துப்பாக்கியை நிமிர்த்தி, மீதி மருந்தையும் குண்டையும் காகிதத்தையும் வாய்வழியே போடுவார்கள். இரும்புக் கம்பியை உருவி, இடித்து, மறுபடி அதன் இடத்தில் செருகுவார்கள். அவசரத்தில் கம்பியைக் குழலிலேயே விட்டுச் சுட்டவர்கள் உண்டு, அதற்குப் பிறகு அவர்களுக்குக் கம்பி கிடையாது. கடைசியாகச் சுத்தியலை முழுதாக இழுத்துச் சுட வேண்டும். சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசித் தீப்பொறி விழுந்தால்தான் வெடி. கல் மழுங்கினால், கிண்ணியில் ஈரம் பட்டால், கிண்ணிக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள ஓட்டை அடைத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். நல்ல பயிற்சி பெற்றவர் நிமிடத்துக்கு இரண்டு, மூன்று முறை சுடுவார். போர் நீள நீள அது குறையும்.

பிரஷ்யாவில் ஒரு சோதனை செய்தார்கள். 100 அடி நீளம், 6 அடி உயரத்தில் திரை கட்டிச் சுட்டார்கள். 75 கெஜத்தில் 60 சதவீதம், 150 கெஜத்தில் 40, 225 கெஜத்தில் 25 பட்டது. திரை திருப்பிச் சுடாது, புகையில்லை, பயமில்லை, அப்படியும் இவ்வளவுதான். எதிரில் ஆட்களும் புகையும் வந்தபின் இதில் மிகச் சிறிய பங்குதான் மிஞ்சும்.

இதிலிருந்து கேமுக்கு வருவோம். எதிரி வரம்புக்குள் கால் வைத்ததும் தானாகச் சுடவிடுவதுதான் புதிதாக ஆடுகிறவர்கள் செய்யும் தப்பு. முதல் சுடுதலில் எல்லாத் துப்பாக்கியும் நிதானமாகக் கெட்டித்தவை, ஆள் குறைவில்லை, புகையில்லை. அதைத் தூரத்தில் வீணடிக்காதீர்கள். 'ஃபயர் அட் வில்'லை அணைத்து வையுங்கள். எதிரி உச்ச தூரத்தில் பாதியைத் தாண்டியதும் போடுங்கள். அவர்கள் நடந்து வரும்போது கெட்டிக்க முடியாது, நீங்கள் நிற்கிறீர்கள். ஒருசேர விழும் அடி மன உறுதியை உடைக்கும் அளவுக்கு, சிதறி விழும் அதே எண்ணிக்கை உடைக்காது. உடைந்த கணத்தில் பயனெட்டோடு ஓடவிடுங்கள். உடையாத படைமேல் ஓடாதீர்கள்.

'கசாக்ஸ் 2' கேமில் இதையே வண்ணம் போட்டுக் காட்டுவார்கள். தூரம் பச்சை, நடு மஞ்சள், பக்கம் சிவப்பு. சிவப்பு வரும்வரை விரலை அடக்குகிறவரே ஜெயிப்பார்.

கே: குதிரைப்படையை எப்போது அனுப்பினாலும் எதிரி சதுரம் கட்டிவிடுகிறான். குதிரைக்கு வேலையே இல்லையா? – சேலம்

சதுரம் கட்ட வைத்ததே குதிரையின் வேலை முடிந்ததற்கு அடையாளம். சதுரம் கட்டியவன் நகர மாட்டான். நாலு பக்கமும் பார்ப்பதால் ஒரு பக்கத்துக்குக் கால்வாசித் துப்பாக்கிதான். அடர்த்தியாக நிற்பதால் பீரங்கிக்கு விருந்து. அந்த நிலையில் அவனை நிறுத்திவிட்டு, குதிரையைச் சுடும் தூரத்துக்கு வெளியே கண்ணில் படும்படி வைத்துக்கொண்டு, பீரங்கியையும் காலாட்படையையும் கொண்டுபோக வேண்டும். குதிரையை விலக்கினால் அவன் கோடாகப் பிரிவான், பக்கத்தில் கொண்டுவந்தால் மறுபடி சதுரமாவான். இந்தக் கண்ணாமூச்சியில் அவனுக்கு ஆள் குறைந்துகொண்டே போகும்.

வாட்டர்லூவில் நெப்போலியனின் தளபதி மார்ஷல் நே செய்யத் தவறியது இதைத்தான். மாலை நாலு மணி வாக்கில் தொடங்கி அலை அலையாகச் சுமார் 9,000 குதிரைவீரர்கள்வரை சதுரங்கள்மேல் போனார்கள். கூடவே போதிய காலாட்படையும் குதிரைப் பீரங்கியும் போகவில்லை. நாலு வரிசை ஆழத்தில், முன் வரிசை மண்டியிட்டுப் பயனெட்டை நீட்டிக்கொண்டிருக்கும் சதுரத்தில் எந்தக் குதிரையும் தானாகப் போய்க் குத்திக்கொள்ளாது. ஒவ்வொரு தடவையும் ஆங்கிலேயப் பீரங்கியாட்கள் பீரங்கியை விட்டுவிட்டுச் சதுரத்துக்குள் ஓடி ஒளிவார்கள். குதிரை திரும்பியதும் வெளியே வந்து அதே பீரங்கியைச் சுடுவார்கள். கைப்பற்றிய நேரத்தில் பற்றவைக்கும் ஓட்டையில் ஒரு ஆணி அடித்துவிட்டு வந்திருந்தால் அந்தப் பீரங்கிகள் அன்றைக்கு ஊமையாகியிருக்கும். ஆணியும் சுத்தியலும் கொண்டுபோகாத 9,000 பேர்!

கேமில் ஒரு கணக்கு. குதிரை நேராக முகத்தில் போகக் கூடாது. ஏற்கெனவே வேறொரு பிரிவோடு சுடுதலில் இருக்கும் படையின் முதுகில் போக வேண்டும். சண்டை பத்துப் பதினைந்து நொடி தாண்டினால் இழுத்துவிட வேண்டும். உள்ளே நின்று மல்லுக்கட்டும் குதிரை காலாட்படையைவிட மலிவாகச் சாகும்.

கே: மழை பெய்தால்? – காரைக்குடி

கிண்ணி மருந்து நனைந்து துப்பாக்கி வெறும் ஈட்டியாகும். 1813 ஆகஸ்ட் 27இல் டிரெஸ்டனில் கொட்டும் மழையில் ஆஸ்திரியர்களின் துப்பாக்கிகள் வெடிக்கவில்லை, நெப்போலியனின் தளபதி முராவின் குதிரைப்படை அள்ளிக்கொண்டது. ஈர நிலம் பீரங்கிக்கும் ஆகாது. இரும்புக்குண்டு தரையில் பட்டுத் துள்ளித் துள்ளிப் போவதில்தான் பாதிக் கேடு, சேற்றில் அது புதைந்துவிடும். வாட்டர்லூ முற்பகல் பதினொன்றரை வாக்கில்தான் தொடங்கியது. நிலம் கொஞ்சம் காயட்டும் என்று காத்திருந்தது அதற்குச் சொல்லப்படும் முக்கியக் காரணம்.

கே: 'கசாக்ஸ் 3' கேமில் நூற்றுக்கணக்கில் மஸ்கட் வீரர்களைத் தயார் செய்தேன். போர் நடுவில் எல்லோரும் சுடுவதை நிறுத்திவிட்டார்கள். எதிரி வெட்டிக்கொண்டே போகிறான். – யாழ்ப்பாணம்

உங்கள் கிட்டங்கியைப் பாருங்கள். அங்கே இரும்பு அல்லது நிலக்கரி சைபரில் இருக்கும். அந்த வரிசை கேம்களில் ஒவ்வொரு சுடுதலுக்கும் இந்த இரண்டும் செலவாகும். 36 பேர் சுடும்போது கண்ணுக்குத் தெரியாது, 196 பேர் கொண்ட மூன்று அணி விடாமல் சுட்டால் சுரங்கம் ஈடுகொடுக்காது. படையைப் பெருக்கும் முன் சுரங்கங்களின் தரத்தை உயர்த்துங்கள். சந்தையில் மரத்தையும் கல்லையும் விற்று நிலக்கரி வாங்கிச் சேர்த்து வையுங்கள். தங்கம் தீர்ந்தாலும் ஆபத்துதான், கூலிப்படை உங்களையே திருப்பி அடிக்கும்.

தனித்தனியாக விட்ட மஸ்கட் வீரர்கள் கும்பல்தான், படையல்ல. ஒரு அதிகாரி, ஒரு தமுக்குக்காரர் இருந்தால் 36, 72, 120, 196 என்ற கணக்கில் அணி கட்டலாம். கட்டியபின் அணியாகவே நகர்த்துங்கள். ஓரமாக ஈட்டிக்காரர் அணி ஒன்றை வையுங்கள், குதிரை வந்தால் முன்னே தள்ள.

கே: நிறைய பேர் சேர்ந்து ஆன்லைனில் வரிசை கட்டிப் போடும் சண்டையில் சேர ஆசை. இங்கிருந்து ஆட முடியுமா? என்ன விதிமுறை? – சென்னை, கல்லூரி மாணவர்

மூன்று கேம்கள் உண்டு தம்பி. 'மவுண்ட் அண்ட் பிளேடு: வார்பேண்ட்' கேமின் 'நெப்போலியானிக் வார்ஸ்' (2012) பழையது, எந்த லேப்டாப்பிலும் ஓடும், ஒரு சர்வரில் 200 பேருக்கு மேல் ஆடலாம். 'ஹோல்ட்ஃபாஸ்ட்: நேஷன்ஸ் அட் வார்' அதன் வாரிசு மாதிரி, 150 பேர் அளவில் ஆடுவார்கள். 'வார் ஆஃப் ரைட்ஸ்' அமெரிக்க உள்நாட்டுப் போரில் 1862 செப்டம்பரின் மேரிலாந்துப் படையெடுப்பை, ஆன்டீட்டம் போர் உட்பட, எடுத்துக்கொண்டது. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு கேட்கும்.

'லைன் பேட்டில்' என்று நடத்துவார்கள். ஆட்கள் ரெஜிமெண்ட்டாகச் சேர்ந்து வருவார்கள். தோளோடு தோள் உரசி நிற்க வேண்டும், அதிகாரி சொன்னால்தான் சுட வேண்டும். வரிசையை விட்டு விலகிச் சுடுவது பெரிய குற்றம், சர்வரிலிருந்தே தூக்கிவிடுவார்கள். எத்தனை பேர் சேர்ந்தால் வரிசை, பாய்ந்து ஓடும்போது சுடலாமா என்பதெல்லாம் சர்வருக்குச் சர்வர் மாறும், நுழையும் முன் படியுங்கள். 'வார் ஆஃப் ரைட்ஸ்' இதை விதியாக எழுதாமல் கணக்காகவே வைத்துவிட்டது. வரிசைக்குள் நின்று செத்தால் அணிக்கு இழப்பு குறைவு, தனியே அலைந்து செத்தால் அதிகம்.

இங்கிருந்து உள்ள சிக்கல் இரண்டு. பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஐரோப்பிய மாலையில். அங்கே இரவு 8 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30, கோடையில் 11.30. அடுத்து பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய்வர ஆகும் தாமதம். தூரத்து சர்வரில் பயனெட் சண்டைக்குப் போனால் நீங்கள் தடுத்ததாக உங்கள் திரை சொல்லும், செத்ததாக சர்வர் சொல்லும். ஆகவே ஆரம்பத்தில் பீரங்கிக்குழு, அரண் கட்டும் சேப்பர், தமுக்கு என்று எடுங்கள். பீரங்கிக்கு அரை நொடி தாமதம் ஒரு பொருட்டே இல்லை. துப்பாக்கிதான் வேண்டுமென்றால், ஓடுகிறவனைக் குறிவைக்காமல் வரிசையின் நடுவைப் பாருங்கள். ஒருவனுக்குத் தப்பினால் பக்கத்தில் நிற்பவனுக்குப் படும்.

கே: 'அல்டிமேட் ஜெனரல்: சிவில் வார்' பாதி கேம்பெய்னுக்குமேல் போக முடியவில்லை. என் படை பெருகப் பெருக எதிரியும் பெருகுகிறானே! – மதுரை

அந்த கேமின் அமைப்பே அப்படி. எதிரிப் படையின் அளவு உங்கள் படையைப் பார்த்துக் கூடும். அதனால் கையில் வந்த ஆட்களையெல்லாம் பிரிகேடு என்ற படைப்பிரிவாக்கிப் பட்டியலை நீட்டினால் நஷ்டம் உங்களுக்கே. குறைவான பிரிகேடுகள், நல்ல துப்பாக்கி, அனுபவம் என்ற வழியில் போங்கள். சண்டைக்குப் பின் காலியான இடத்தைப் புதுமுகங்களால் நிரப்பினால் மலிவு, ஆனால் பிரிகேடின் அனுபவம் பாலில் தண்ணீர் கலந்ததுபோல் இறங்கும். முன்னணிப் பிரிகேடுகளுக்குப் பழகியவர்களைக் காசு கொடுத்து எடுங்கள், காவலுக்கு நிற்பவற்றில் புதுமுகங்களைப் போடுங்கள். ஜெனரலின் புள்ளிகளை 'மெடிசின்'னில் கொஞ்சம் போட்டால் காயம்பட்டவர்களில் ஒரு பங்கு திரும்பி வருவார்கள்.

தோல்விக்குப் பெரிய காரணம் பெரும்பாலும் சப்ளை வண்டிதான். அதைச் சண்டைக்கோட்டுக்குப் பின்னால், பிரிகேடுகளுக்கு எட்டும் தூரத்தில், மரநிழலில் வையுங்கள். எட்டவில்லை என்றால் தோட்டா தீர்ந்து பிரிகேடு சும்மா நிற்கும். எதிரியின் வண்டி தனியாகத் தெரிந்தால் ஒரு குதிரைப் பிரிவை அனுப்பிப் பிடியுங்கள், அதிலுள்ளது உங்களுக்கே.

அமெரிக்க உள்நாட்டுப் போரான இதில் மஸ்கட் குழலுக்குள் குண்டைச் சுழற்றிவிடும் சுருள்வரி வந்துவிட்டது என்பதையும் மறக்காதீர்கள். மினியே குண்டு கெட்டிக்கும்போது தளர்வாக இறங்கும், வெடிக்கும்போது அதன் குழிந்த அடிப்பாகம் விரிந்து வரிகளைப் பிடித்துக்கொள்ளும். சக்கிமுக்கிக் கல் போய், தட்டினால் வெடிக்கும் சிறு மூடியான கேப் வந்தது. அதனால் திறந்தவெளியில் நேராக நடப்பது முன்பைவிடக் கொடிய விலை கேட்டது. 1863 ஜூலை 3இல் கெட்டிஸ்பர்க்கில் சுமார் 12,500 பேர் ஒரு கிலோமீட்டருக்கு மேல் வெட்டவெளியில் நடந்து, பாதிக்குப் பாதி இழந்து திரும்பினார்கள். நீங்கள் கேமில் செய்வதும் அதுவாக இருந்தால் நிறுத்துங்கள். ஒரு பிரிகேடை முன்னால் மறைவில் வைத்துச் சுடவிட்டு, இன்னொன்றைக் காட்டுவழியாகப் பக்கவாட்டுக்கு அனுப்புங்கள்.

கே: பையன் இதையெல்லாம் ஆடினால் வரலாறு படிப்பான் என்கிறான். உண்மையா? – ஒரு தாயார், வேலூர்

ஆயுதம், சீருடை, ஊர்ப்பெயர் படிப்பான் அம்மா. நாடு படிப்பானா என்றால் சந்தேகம். 'எம்பயர்' கேமில் ஐரோப்பியப் பிரான்ஸ் முழுவதும் ஒரே மாகாணம். பாரிஸைப் பிடித்தால் பிரான்ஸ் கையில். பரீட்சையில் அப்படி எழுதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கே: மேலிருந்து பார்த்து எல்லாரையும் எலி மாதிரி நகர்த்துவது அலுத்துவிட்டது. உண்மையான தளபதிக்குத் தெரிந்தது மட்டுமே எனக்கும் தெரியும்படி கேம் உண்டா? – புதுச்சேரி

'ஸ்கர்ஜ் ஆஃப் வார்' வரிசை. கெட்டிஸ்பர்க் (2010), வாட்டர்லூ (2015). அழகு பார்த்தால் ஏமாற்றம்தான், வீரர்கள் அட்டைப்படம் மாதிரி இருப்பார்கள். ஆனால் கேமராவை உங்கள் குதிரையின் முதுகிலேயே கட்டிப்போடும் அமைப்பு உண்டு. மேடு மறைத்தால் மறைத்ததுதான். உத்தரவைக் குதிரைத் தூதர்தான் கொண்டுபோவார். அவர் போய்ச் சேர நேரமாகும், வழியில் சாகலாம். சேர்ந்தபின் அந்த டிவிஷன் தளபதி தன் குணப்படி நடப்பார்.

முதல் இரண்டு ஆட்டம் தோற்பீர்கள். காரணம் பெரும்பாலும் ஒன்றே: நிலைமை மாறிவிட்டது என்று பத்து நிமிடத்தில் மூன்று உத்தரவு அனுப்பியிருப்பீர்கள். முதலாவது போய்ச் சேர்ந்து படை திரும்பும்போது இரண்டாவது வரும். 1815 ஜூன் 16இல் பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் படை, சுமார் 20,000 பேர், ஒரே நாளில் போர் நடந்த காத்ர்ப்ராவுக்கும் லின்யிக்கும் நடுவே முரண்பட்ட உத்தரவுகளால் போய்த் திரும்பிப் போய்த் திரும்பி, இரண்டு போரிலும் ஒரு குண்டுகூட உருப்படியாகச் சுடாமல் பொழுது சாய்ந்தது. ஆகவே டிவிஷனுக்கு இடத்தைச் சொல்லுங்கள், எந்தப் பட்டாலியன் எங்கே என்பதை அவரிடம் விடுங்கள். அரை மணிக்கு முன் மாற்றாதீர்கள். கையில் ஒரு பிரிகேடையாவது பக்கத்திலேயே சேமப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லி நகர்த்தக்கூடிய படை அது ஒன்றுதான்.

கே: நம் பக்கத்துப் போர் எதையாவது இந்த கேம்களில் அமைக்க முடியுமா? – திருவண்ணாமலை

உங்கள் ஊருக்குப் பக்கத்து வந்தவாசியையே எடுங்கள். 1760 ஜனவரி 22. ஐரோப்பியப் போர்களைப்போல இருபதில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டியதில்லை, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அளவிலேயே 'எம்பயர்' கேமில் அடங்கும். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் ஐரோப்பியக் காலாட்படை சுமார் 1,700, இந்தியச் சிப்பாய்கள் சுமார் 2,100, கொஞ்சம் ஐரோப்பியக் குதிரை. பிரெஞ்சுத் தளபதி லாலியிடம் ஐரோப்பியக் காலாட்படை இரண்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவு, சிப்பாய்கள் சுமார் 1,300, ஐரோப்பியக் குதிரை 300 அளவில். லாலிக்குத் துணையாக வந்த மராத்தியக் குதிரை ஒதுங்கியே நின்றது, அதைச் சேர்க்காதீர்கள்.

கஸ்டம் பேட்டிலில் யூனிட் அளவை 'அல்ட்ரா' ஆக்குங்கள். ஆங்கிலேயருக்கு லைன் இன்ஃபன்ட்ரி (வரிசைக் காலாட்படை) 7, சிப்பாய் 8, குதிரை 2, இலகு பீரங்கி 3. பிரெஞ்சுக்கு லைன் இன்ஃபன்ட்ரி 8, சிப்பாய் 5, குதிரை 2, பீரங்கி 3. பட்டியலில் சிப்பாய் கிடைக்காத பக்கத்துக்கு ஊர்க்காவல் படையான மிலிஷியாவைப் போட்டு ஈடுகட்டலாம். மேடுபள்ளம் இல்லாத வரைபடம் எடுங்கள். பிரெஞ்சு இடது ஓரத்தில், ஏரிக்கரையை அரணாக்கியிருந்த இடத்தில், ஒரு பீரங்கிப் பிரிவையும் ஒரு காலாட்படையையும் நிறுத்துங்கள்.

லாலியின் லொரேன் ரெஜிமெண்ட் பன்னிரண்டு பேர் அகலத்தில் நெடுந்தூணாக நடந்து கூட்டின் ரெஜிமெண்ட்மேல் வந்தது. கூட்டின் ஆட்கள் கோடாக நின்று, 50 கெஜம் வரும்வரை பொறுத்துச் சுட்டார்கள். தூண் முன்பக்கம் நொறுங்கினாலும் பின்னாலிருந்தவர்களின் தள்ளலில் மோதி, கைகலப்பாகி, பிறகு உடைந்து ஓடியது. நீங்கள் பிரெஞ்சுப் பக்கம் ஆடினால் இதை மாற்றிப் பாருங்கள். லொரேனைத் தூணாக அனுப்பாமல் கோடாக்கி, முன்னே பீரங்கியை விட்டுப் பாருங்கள். அந்த ஏரிக்கரை அரணில் ஒரு ஆங்கிலேயக் குண்டு பட்டு வெடிமருந்து வண்டி வெடித்ததும், அதைத் தொடர்ந்து ஆங்கிலேயரின் டிரேப்பர் ரெஜிமெண்ட் உள்ளே புகுந்ததும், மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி பிடிபட்டதும் கேமில் தானாக நடக்காது. இரண்டு பேர் எதிரெதிரே ஆடினால், பிரெஞ்சு ஆட்டக்காரர் நடுச்சண்டை தொடங்கியதும் அந்தப் பீரங்கிப் பிரிவைப் பின்வாங்கிவிட வேண்டும் என்று பேசிவைத்துக்கொள்ளலாம்.

மைசூர் ராக்கெட்டுக்கு ஆசைப்பட்டு இன்னும் சிலரும் எழுதியிருக்கிறார்கள். இரும்புக் குழலில் மருந்து அடைத்த அந்த ராக்கெட்டுகளைப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்பவர் இங்கிலாந்தில் தன்னுடையதைச் செய்தார், அவை 'நெப்போலியன்' கேமில் ஆங்கிலேயரிடம் இருக்கும். குறி தவறும், ஆனால் மன உறுதி ஏற்கெனவே ஆட்டம்கண்ட படைமேல் விட்டால் ஓடிவிடுவார்கள். நம் ஆட்களின் தலைக்கு மேலாக மட்டும் விடாதீர்கள். 'எம்பயர்' கேமில் மராத்தியரை எடுத்து ஆடுகிறவர்கள் படைப்பட்டியலை நிதானமாகப் பாருங்கள். 'பாலிகர்' என்று ஒரு துப்பாக்கிப் பிரிவு இருக்கும். நம் பாளையக்காரர்தான் அது, ஆங்கிலேயன் வாயில் புகுந்து வந்த வடிவத்தில்.